லேசர் கற்றைக்கு வடிவம் கொடுக்க எதை வாங்குவது? டிஓஇ, ஒளிவிலகல் ஷேப்பர், நுண்லென்ஸ் வரிசை, எஸ்எல்எம்: ஓர் ஒப்பீடு

ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் வைத்திருப்பவர், சூரிய மின்கல ஆய்வகத்தில் வேலை செய்பவர், தோல் சிகிச்சைக் கருவி வடிவமைப்பவர் என எல்லோருமே ஒரு கட்டத்தில் இதே கேள்வியோடு வருகிறார்கள். லேசரிலிருந்து கிடைப்பது நடுவில் உச்சமும் ஓரத்தில் சரிவும் கொண்ட காஸியன் கற்றை. வேலைக்கு வேண்டியதோ எல்லா இடத்திலும் ஒரே செறிவுள்ள சதுரம், அல்லது மெல்லிய கோடு, அல்லது ஒரே நேரத்தில் நூறு புள்ளிகள்.

காஸியனில் நடுப்புள்ளியின் செறிவு, கற்றையின் சராசரிச் செறிவைப் போல இரண்டு மடங்கு. கண்ணாடி மேல் பூசிய மெல்லிய படலத்தை நீக்கும்போது இதன் விளைவு நேரடியாகத் தெரியும். ஓரத்தில் படலம் போக வேண்டும் என்று சக்தியைக் கூட்டினால், நடுவில் கண்ணாடியே சேதமாகிறது. நடுவைக் காப்பாற்றக் குறைத்தால் ஓரத்தில் படலம் தங்கிவிடுகிறது. ஆகவே வடிவமைப்பு தேவை என்பதில் சந்தேகமில்லை. எந்தக் கருவியால் என்பதில்தான் பலர் திணறுகிறார்கள். இங்கே ஒப்பிடும் ஷேப்பர்கள், அதாவது கற்றைக்கு வடிவம் தரும் கருவிகள், நான்கு: டிஓஇ (நுண்படிகள் செதுக்கிய கண்ணாடித் தகடு), ஒளிவிலகல் ஷேப்பர் (தனி வளைவு கொண்ட லென்ஸ்கள்), நுண்லென்ஸ் வரிசை (பல சிறு லென்ஸ்கள்), எஸ்எல்எம் (கணினியால் மாற்றக்கூடிய திரவப்படிகத் திரை). விலைப்பட்டியலில் இருக்கும் செயல்திறன் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நான் பார்க்கிற பொதுவான தவறு. அந்த எண் கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் அளவுகோல்கள்

முதல் கேள்வி உங்கள் கற்றையைப் பற்றியது. அது சிங்கிள் மோடா (ஒரே காஸியன் வடிவம்) அல்லது மல்டிமோடா (பல வடிவங்களின் கலவை), அதன் எம்-ஸ்கொயர் மதிப்பு (சரியான காஸியனுக்கு 1 ஆக இருக்கும் தர எண்) 1.3-க்குள் இருக்கிறதா, சூடேறும்போது விட்டமும் மையமும் நகராமல் நிற்கின்றனவா? இதற்கு விடை தெரியாமல் எந்த ஷேப்பரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் கேட்கும் வடிவம் இயற்பியலுக்குக் கட்டுப்படுகிறதா என்பது. இதைச் சோதிக்க ஓர் எளிய எண் இருக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ரொமேரோவும் டிக்கியும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் வரும் பீட்டா அது. கற்றையின் ஆரத்தையும் இலக்கு வடிவத்தின் பாதி அகலத்தையும் பெருக்கி, குவியத்தொலைவையும் அலைநீளத்தையும் பெருக்கி வருவதால் வகுத்து, 5.01-ஆல் பெருக்கினால் பீட்டா கிடைக்கும். இங்கே ஆரம் என்பது செறிவு உச்சத்தில் 13.5 சதவீதமாகக் குறையும் இடம் வரை எடுப்பது. பீட்டா 32-க்கு மேல் இருந்தால் கவலையே வேண்டாம். 4-க்கும் 32-க்கும் நடுவில் இருந்தால் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும். 4-க்குக் கீழே போனால் எந்தக் கருவி வாங்கினாலும் கூர்மையான சுவருள்ள சதுரம் வராது.

நிஜமான ஓர் அமைப்பில் போட்டுப் பார்ப்போம். சாதாரண மார்க்கிங் மெஷின்: 1064 நானோமீட்டர் லேசர், 10 மி.மீ. கற்றைக்கான கால்வோ ஸ்கேனர் (ஆடும் கண்ணாடிகளால் கற்றையை நகர்த்துவது), 160 மி.மீ. குவியத்தொலைவுள்ள எஃப்-தீட்டா லென்ஸ் (கற்றையைத் தட்டையான பரப்பில் குவிப்பது). வேண்டியது 100 மைக்ரான் சதுரம். ஃப்ளாட்-டாப், அதாவது எல்லா இடத்திலும் ஒரே செறிவுள்ள வடிவம், உருவாக, கற்றையைச் சுற்றிலும் ஒளி தடைபடாமல் கடந்துபோக இடம் வேண்டும். வழியிலுள்ள கண்ணாடிகளும் லென்ஸ்களும் கற்றை விட்டத்தைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்காவது அகலமாக இருக்க வேண்டும். அப்படியானால் 10 மி.மீ. கண்ணாடிக்கு 4.5 மி.மீ. கற்றைதான் விட முடியும். ஆரம் 2.25 மி.மீ., பாதி அகலம் 50 மைக்ரான். கணக்குப் போட்டால் பீட்டா 3.3. முடியாது!

இதே மெஷினில் 100 மி.மீ. லென்ஸ் மாட்டினால் பீட்டா 5.3 ஆகிறது, ஆனால் மார்க் செய்யும் பரப்பு சுருங்கிவிடும். 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கு மாறினால் 6.6. சதுரத்தை 200 மைக்ரானாகப் பெரிதாக்க ஒப்புக்கொண்டாலும் அதே 6.6. இந்த முடிவை ஷேப்பர் வாங்கும் முன்பே எடுக்க வேண்டும். வாங்கிய பிறகு ஸ்கேனரை மாற்றுவது ஷேப்பரைவிடப் பெரிய செலவு.

மூன்றாவது, அலைநீளமும் அதன் பட்டை அகலமும். நான்காவது, வடிவம் ஒன்றேயா, வாரத்துக்கொன்றாக மாறுமா. ஐந்தாவது, வீணாகும் ஒளி எங்கே போகிறது. எவ்வளவு வீணாகிறது என்பதைவிட இது முக்கியம், ஏனென்றால் இலக்குக்கு வெளியே சிதறும் 5 சதவீதம் பெரும்பாலும் தொல்லை தராது, இலக்கின் நடுவில் விழும் 1 சதவீதம் வேலையைக் கெடுக்கும். ஆறாவது, எத்தனை எண்ணிக்கை, எவ்வளவு காலம் காத்திருக்க முடியும்.

| | டிஓஇ | ஒளிவிலகல் ஷேப்பர் | நுண்லென்ஸ் வரிசை | எஸ்எல்எம் |
|---|---|---|---|---|
| கற்றைத் தரம் | ஃப்ளாட்-டாப்புக்கு சிங்கிள் மோட் கட்டாயம். கற்றைப் பிரிப்பானுக்கு இல்லை | சிங்கிள் மோட் கட்டாயம் | மல்டிமோடுக்கே ஏற்றது | நல்ல கற்றை, ஒரே தளவிளைவு (ஒளி ஒரே தளத்தில் அதிர்வது) |
| அலைநீளம் | ஒன்றே ஒன்று | அகன்ற பட்டை | அகன்ற பட்டை | அளவீடு மாற்றி அமைக்கலாம் |
| வடிவங்கள் | ஏறத்தாழ எதுவும் | வட்டம், சதுரம், கோடு | சதுரம், செவ்வகம், அறுகோணம் | எதுவும், நொடியில் மாற்றலாம் |
| நடுப்புள்ளிக் கசிவு (வளையாமல் நடுவில் விழும் ஒளி) | உண்டு | இல்லை | இல்லை | உண்டு, கூடுதல் |
| மறைசெலவு | முகமூடிச் செலவு (செதுக்க வேண்டிய கோலத்தைத் தகட்டில் பதிக்க உதவும் வார்ப்பு), மவுண்ட் | கற்றை விட்டத்தைப் பொருத்துதல் | குறுக்கீட்டு வரிகள் | குளிரூட்டல், அளவீடு, தளவிளைவு இழப்பு |

துளைத் தகடு: கடந்துபோக ஒரு வார்த்தை

கற்றையின் நடுப்பகுதியை மட்டும் ஒரு துளையால் வெட்டி எடுத்து, அதை லென்ஸால் பிம்பமாக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காஸியனுக்கு ஓர் அழகான விதி இருக்கிறது. வட்டத் துளையின் ஓரத்தில் செறிவு உச்சத்தில் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறதோ, அத்தனை சதவீத ஆற்றல்தான் துளை வழியே போகும். ஓரத்தில் 10 சதவீதச் சரிவு மட்டும் போதும் என்றால் கிடைப்பது 10 சதவீத ஆற்றல். மீதி 90 தகட்டைச் சூடாக்கும். லேசரில் சக்தி தாராளமாக உபரியாக இருக்கும் சோதனைகளுக்கு இது நல்ல தொடக்கம். உற்பத்திக்கு இல்லை.

டிஓஇ: விளிம்புவிளைவு ஒளியுறுப்பு

பார்ப்பதற்கு வெறும் கண்ணாடித் தகடு. அதன் ஒரு முகத்தில் மைக்ரான் ஆழத்தில் படிக்கட்டுகள் செதுக்கியிருக்கும். ஒவ்வொரு படியும் ஒளியின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையை, சிறிது தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதங்களெல்லாம் சேர்ந்து தூரத்தில் நீங்கள் கேட்ட வடிவமாகத் திரள்கின்றன. எந்தப் படி எங்கே வர வேண்டும் என்பதைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கிறது. 1972-ல் வந்த கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் முறையின் வழிவந்த கணக்குகள்தான் இன்றும் பெரும்பாலும். கற்றையைச் சமமான புள்ளிகளாகப் பிரிக்கும் டாமன் கீற்றணி 1971-லேயே வந்துவிட்டது.

படிகளின் எண்ணிக்கைதான் செயல்திறனைத் தீர்மானிக்கிறது. இரண்டு படி என்றால் ஒரு பக்கமாக வளையும் ஒளிக்கு (ஒரு ஆர்டருக்கு) 40.5 சதவீதம், நான்கு என்றால் 81, எட்டு என்றால் 95, பதினாறு என்றால் 98.7. இவை கோட்பாட்டு உச்சங்கள், கையில் கிடைப்பது இன்னும் சில சதவீதம் குறையும். எட்டுப் படிக்கு மூன்று முகமூடி, பதினாறுக்கு நான்கு. ஒவ்வொரு முகமூடியும் முந்தையதோடு மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில் பொருந்த வேண்டும். விலை ஏறுவது இங்கேதான். இரண்டு பக்கமும் சமச்சீரான புள்ளிக் கோலம் வேண்டுமென்றால் இரண்டு படியே போதும், மொத்தம் 80 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பதினாறு படி கேட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

டிஓஇயின் பலவீனம் ஜீரோ ஆர்டர், அதாவது வளையாமல் நேராகக் கடந்து நடுவில் விழும் ஒளி. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஃப்யூஸ்டு சிலிக்காவில் 1064 நானோமீட்டருக்கு இரண்டு படி டிஓஇ செய்ய 1.18 மைக்ரான் ஆழம் செதுக்க வேண்டும். அதில் 5 சதவீதம், அதாவது 59 நானோமீட்டர், பிசகினால் ஜீரோ ஆர்டருக்குப் போவது சுமார் 0.6 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 10×10 புள்ளிக் கோலத்தில் மொத்தச் செயல்திறன் 80 சதவீதம் என்றால் ஒரு புள்ளிக்கு வருவதே 0.8 சதவீதம்தான். பத்து இரட்டை எண் என்பதால் கோலத்தின் நட்டநடுவில் புள்ளியே இருக்கக் கூடாது. அங்கே மற்ற புள்ளிகளுக்கு ஏறக்குறைய நிகரான நூற்றியோராவது புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். வெப்பத்தாளில் ஒரு துடிப்பு சுட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். தப்பிக்க வழி இருக்கிறது. கோலத்தை அச்சிலிருந்து தள்ளி வடிவமைத்து ஜீரோ ஆர்டரைத் தடுப்பில் விழவைக்கலாம். அல்லது டிஓஇக்குள்ளேயே லென்ஸ் வளைவைச் சேர்த்து, ஜீரோ ஆர்டர் வேறு தளத்தில் குவியுமாறு செய்யலாம். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது.

அலைநீளம் மாறினால் டிஓஇ அதே டிஓஇ இல்லை. 532-க்குச் செய்த பல படித் தகட்டை 1064-ல் வைத்தால் கட்டத் தாமதம் பாதியாகிவிடும். சுமார் 40 சதவீத ஒளி நேராக நடுவில் போய் விழும். மீதியில் உருவாகும் கோலமும் இரு மடங்கு விரிந்திருக்கும். இதனால்தான் ஃபெம்டோ நொடி லேசர் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 1030 நானோமீட்டரில் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பின் பட்டை அகலம் சுமார் 16 நானோமீட்டர், அலைநீளத்தில் ஒன்றரை சதவீதம். அச்சிலிருந்து 2 மி.மீ. தள்ளி விழும் புள்ளி 30 மைக்ரான் நீளத்துக்கு இழுபட்டுப்போகும். நடுவிலுள்ள புள்ளிகள் நன்றாகவும் ஓரத்துப் புள்ளிகள் கோடுகளாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். 10 பிக்கோ நொடித் துடிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிஓஇ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு குணமுள்ள பொருள்கள் விற்கப்படுகின்றன. வாங்குபவர்கள் குழம்புவது இதில்தான். கற்றைப் பிரிப்பான் வகைக்கு மையம் பொருட்டே அல்ல. தகட்டை ஒரு மி.மீ. நகர்த்தினாலும் கோலம் நகராது. கற்றை மல்டிமோடாக இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கற்றையின் நகலாக வரும். ஃப்ளாட்-டாப் வகை இதற்கு நேரெதிர். கற்றை விட்டம் சொன்ன அளவில் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், மையமும் கிட்டத்தட்ட அதே துல்லியத்தில் பொருந்த வேண்டும். 5 மி.மீ. கற்றை கால் மி.மீ. விலகினாலே கேமராவில் சதுரத்தின் ஒரு சுவர் கொம்புபோல உயர்ந்து எதிர்ச்சுவர் தாழ்வதைப் பார்க்கலாம். கற்றை பெருத்தால் நான்கு மூலைகளும் தூக்கும், சிறுத்தால் நடு குமிழும்.

மறைசெலவு என்று பார்த்தால், உங்களுக்கென்றே ஒரு வடிவம் கேட்டால் முகமூடிக்கும் முதல் தகட்டுக்கும் ஒரு பெரிய தொகை, சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை காத்திருப்பு. அதன் பிறகு நகல்கள் மலிவு. ஐஃபோன் எக்ஸ் 2017-ல் வந்தபோது முகத்தின் மேல் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசிய சிறு கருவி சாத்தியமானது இந்தக் கணக்கால்தான். ஒன்று வேண்டுமென்றால் டிஓஇ விலை அதிகம், லட்சம் வேண்டுமென்றால் அதைவிட மலிவாக எதுவும் இல்லை. நம் ஊர் ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னை ஐஐடி போன்ற இடங்களில் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது, நுண்செதுக்கல் வசதியும் இருக்கிறது. இரண்டு படித் தகடு ஒன்றை அங்கே செய்துபார்ப்பது இறக்குமதியைவிட நல்ல பாடம்.

ஒளிவிலகல் ஷேப்பர்

கோளமில்லா வளைவு கொண்ட லென்ஸ்களால் கற்றையின் நடுப்பகுதிக் கதிர்களை வெளியே பரப்பி, ஓரக் கதிர்களை உள்ளே நெருக்கி, செறிவைச் சமமாக்குவது. 1965-ல் ஃப்ரீடன் இதன் கணக்கை எழுதினார். 2000-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் ஹாஃப்நேகிளும் ஜெஃபர்சனும் செய்துகாட்டிய இரட்டை லென்ஸ் அமைப்புக்குப் பிறகு இது நடைமுறைக் கருவியாக நிலைபெற்றது.

பெரிய வசதி, படிக்கட்டு இல்லாததால் ஜீரோ ஆர்டரும் இல்லை. ஃபெம்டோ நொடித் துடிப்பும் இழுபடாது. பூச்சு சரியாக இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல் ஒளி வெளியே வரும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில் விழுகிறார்கள். இணைகற்றையாக ஃப்ளாட்-டாப் தரும் வகையை வாங்கி, அதன் பின்னால் நேராகக் குவிலென்ஸை வைக்கிறார்கள். குவியத்தில் ஃப்ளாட்-டாப் வராது! சீரான வட்டக் கற்றையைக் குவித்தால் கிடைப்பது நடுவில் கூர்மையான உச்சமும் சுற்றி வளையங்களும் கொண்ட ‘ஏரி’ (Airy) கோலம்தான். அந்த வகை வேண்டுமென்றால் பிம்பமாக்கும் லென்ஸ் தொகுதியைக் கூடவே வாங்க வேண்டும், ஸ்கேனரில் அதற்கு இடமும் வேண்டும். குவியத்திலேயே ஃப்ளாட்-டாப் தரும் வகை தனி. எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கற்றை விட்டத்துக்கும் மையத்துக்கும் இதுவும் டிஓஇ போலவே கறாரானது. கற்றை விரிப்பானில் நுண்ணிய சரிசெய்தல் கட்டாயம். அதன் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். நேர்கோடு மட்டும் போதும் என்றால் பவல் லென்ஸ் ஒன்றே வேலையை முடித்துவிடும், விலையும் மிகக் குறைவு.

ஒரே ஒரு சீரான வட்டமோ சதுரமோ வேண்டும், கையில் நல்ல சிங்கிள் மோட் கற்றை இருக்கிறது, அளவும் கடையில் தயாராக இருப்பதோடு ஒத்துப்போகிறது என்றால், டிஓஇயைவிட இதையே நான் எடுப்பேன். ஃப்ளாட்-டாப் விஷயத்தில் இரண்டின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று வழவழப்பான வளைவு, மற்றது அதே வளைவைப் படிகளாக மடித்தது. மடிக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது கசிவை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

நுண்லென்ஸ் வரிசை

கற்றையை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் முறை. மேடுபள்ளங்கள் சராசரியாகி மறைந்துவிடும். கற்றை தள்ளாடினாலும் விட்டம் மாறினாலும் கோலம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கைபேசித் திரைகளுக்குச் சிலிக்கான் படலத்தைப் பதப்படுத்தும் 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர்கள் நீளமான சீர்க்கோடு தருவது இந்த வழியில்தான்.

சிங்கிள் மோட் லேசருக்கு மட்டும் இது வேண்டாம். துண்டுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சதுரம் முழுவதும் புள்ளி புள்ளியாகிவிடும். லென்ஸ் இடைவெளி 0.3 மி.மீ., குவியத்தொலைவு 100 மி.மீ., 1064 நானோமீட்டர் என்றால் அந்தப் புள்ளிகளின் இடைவெளி சுமார் 355 மைக்ரான். 100 மைக்ரான் சதுரம் கேட்டவருக்கு இதில் என்ன கிடைக்கும்? மல்டிமோட் லேசர், டையோடு அடுக்கு, பழைய துடிப்பு லேசர் ஆகியவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு.

எஸ்எல்எம்

திரவப்படிகத் திரையில் கட்டக் கோலத்தைக் கணினியிலிருந்து எழுதி, அதிலிருந்து லேசரைப் பிரதிபலிக்கவைப்பது. காலையில் சதுரம், மதியம் வளையம், மாலையில் நாற்பது புள்ளிகள் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒளிச்சாமணத்தால் நுண்துகள்களைப் பிடித்து நகர்த்தும் ஆய்வுகளுக்கு இதற்கு மாற்று இல்லை. கற்றையில் உள்ள கோணலையும் இதிலேயே திருத்தலாம்.

சுமையும் அதற்கேற்றதுதான். விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். ஒரு தளவிளைவில் அதிரும் ஒளியை மட்டுமே இது மாற்றும். விலை குறைந்த மார்க்கிங் ஃபைபர் லேசர்களில் பெரும்பாலானவை தளவிளைவற்றவை, ஆகவே பாதி ஒளியை வாசலிலேயே இழக்கிறீர்கள். 8 மைக்ரான் பிக்ஸல் கொண்ட திரையில், ஒரு கீற்றுக்கு எட்டு பிக்ஸல் ஒதுக்கினால் 1064 நானோமீட்டரில் கற்றை வளைவது ஒரு டிகிரிக்கும் குறைவு. அகலமாக விரியும் கோலங்களுக்கு டிஓஇதான். அதிக சராசரிச் சக்தியில் குளிரூட்டல் தேவைப்படும், சூடேறினால் கட்ட அளவீடும் மாறும்.

எந்த வடிவம் வேலைக்கு உதவும் என்று தேடும் கட்டத்தில் எஸ்எல்எம் அருமையான கருவி. தேடி முடித்ததும் அந்தக் கோலத்தையே டிஓஇயாகச் செதுக்கி மெஷினில் மாட்டிவிட்டு, எஸ்எல்எம்மை அடுத்த தேடலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

தோல் சிகிச்சைக்குப் பிக்கோ நொடிக் கற்றையை நூறு நுண்கற்றைகளாகப் பிரிக்க வேண்டுமா? டிஓஇ பிரிப்பான், யோசிக்கவே வேண்டாம். துளையிடுதல், வெல்டிங் போன்றவற்றில் ஒரே நேரத்தில் பல புள்ளிகள் வேண்டியவர்களுக்கும் அதுவே.

சூரிய மின்கலத்தில் பச்சை லேசரால் செலக்டிவ் எமிட்டர் (உலோகக் கோடுகளின் அடியில் மட்டும் கூடுதலாக மாசூட்டிய பகுதி) போடும் ஆய்வகம்: சதுர ஃப்ளாட்-டாப் தேவை, நீண்ட காலம் அதே வடிவம், அதே லேசர். கற்றை சிங்கிள் மோட் என்றால் குவியத்தில் வடிவம் தரும் ஒளிவிலகல் வகையும் டிஓஇயும் சமபலம். உங்கள் அளவுக்கு எது தயாராகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். மல்டிமோட் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நுண்லென்ஸ் வரிசை.

10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு டிஓஇ நன்றாகவே ஒத்துவரும். ஜிங்க் செலினைடில் முழு ஆழமே சுமார் 7.5 மைக்ரான் என்பதால் செதுக்குப் பிழை விகிதத்தில் சிறிதாகிறது.

பழைய மார்க்கிங் மெஷினில் ஃப்ளாட்-டாப் கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். பீட்டா கணக்கைப் போடுங்கள், பிறகு கற்றை அளக்கும் கேமரா ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். லேசரை வேலை செய்யும் அதே சக்தியில் ஓடவிட்டு, நன்கு சூடேறிய பிறகு, ஷேப்பர் உட்காரப்போகும் அதே இடத்தில் விட்டத்தை அளங்கள். லேசரின் கையேட்டில் உள்ள விட்டத்தை எழுதி அனுப்பாதீர்கள். அளந்த எண், இரண்டு அச்சுகளிலும் தனித்தனியாக, எம்-ஸ்கொயர் மதிப்போடு விற்பனையாளருக்குப் போக வேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் முதலில் உருளை லென்ஸ் ஜோடியால் அதைச் சரிசெய்யுங்கள். ஷேப்பர் ஆர்டர் அதற்குப் பிறகு போகட்டும்.